துள்ளும் எழுத்தும் துலங்கும் எழுத்தும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது நம் முன்னோர் மொழி. மனிதருக்கு மட்டுமா ஆடை? எழுத்துக்கும் ஆடை உண்டு. 'வருக' என்ற ஒரே சொல்லைத் திருமண மண்டபத்தின் வாயிலில் ஒருவிதமாக எழுதுகிறோம். நீதிமன்ற அழைப்பாணையில் வேறுவிதமாக அச்சிடுகிறோம். அங்கன்வாடிச் சுவரில் முயலுக்கும் மாம்பழத்துக்கும் நடுவே இன்னொரு விதமாக வரைகிறோம். சொல் ஒன்றுதான். ஆனால் அதைப் படிப்பதற்கு முன்பே அதன் தோற்றம் நம்மிடம் பேசிவிடுகிறது. இந்த ஆடைகளுள் ஒன்றைப் பற்றி என் கருத்தைச் சொல்லவே இக்கட்டுரை. அது விளையாட்டாகக் கையால் வரைந்ததுபோல் தோன்றும், துள்ளுகின்ற, சற்றுக் கோணலான தலைப்பு எழுத்து. அதைக் கண்டாலே முகம் சுளிப்போர் ஒருபுறம். எல்லாவற்றுக்கும் அதையே பயன்படுத்துவோர் மறுபுறம். இரு சாராரோடும் நான் சற்று மாறுபடுகிறேன்.

உலகெங்கும் பெயர் பெற்ற துள்ளல் எழுத்து ஒன்று உண்டு. நம் பள்ளிக் கணினி அறையில் ஆங்கிலப் பட்டியலைத் திறந்தால் நம் வகுப்பில் பலரும் முதலில் ஓடிப் பிடிப்பது அதைத்தான். அதன் பெயர் காமிக் சான்ஸ். மைக்ரோசாப்ட் நிறுவனத்தில் பணியாற்றிய வின்சென்ட் கோனேர் என்பவர் 1994ஆம் ஆண்டில் அதை வரைந்தார். அப்போது அந்த நிறுவனம் கணினிக்குப் புதியவர்களுக்காக 'பாப்' என்ற மென்பொருளை உருவாக்கிக்கொண்டிருந்தது. அதில் ஒரு நாய் திரையில் தோன்றி வழி சொல்லும். நாயின் பேச்சு, சித்திரக் கதைகளில் வருவதுபோல ஒரு குமிழுக்குள் தோன்றும். ஆனால் குமிழுக்குள் இருந்ததோ செய்தித்தாளில் வருகின்ற விறைப்பான டைம்ஸ் எழுத்து! நாய் இப்படியா பேசும் என்று கோனேருக்குத் தோன்றிற்றாம். தம்மிடமிருந்த 'பேட்மேன்', 'வாட்ச்மென்' சித்திரக் கதைகளில் கையால் எழுதப்பட்டிருந்த எழுத்தை உற்றுப் பார்த்து, அதன் சாயலில் புதிய எழுத்தைச் செய்தார். பாப் வெளிவருவதற்குள் அது முடியவில்லை. பாப்பும் விலைபோகவில்லை. எழுத்து மட்டும் விண்டோஸ் 95 காலத்தில் உலகமெல்லாம் பரவிவிட்டது. (சிவகாசியிலிருந்து 1972 முதல் வந்த முத்து காமிக்ஸைப் படித்து வளர்ந்த அப்பாமார்களுக்குக் குமிழ்ப் பேச்சு என்றால் என்னவென்று நான் விளக்கத் தேவையில்லை.)

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த எழுத்து ஒரு நாய்க்குட்டியின் பேச்சுக்காகப் பிறந்தது. அந்த வேலைக்கு அது மிகப் பொருத்தமானது. பிறகு அதைக் கடையடைப்பு அறிவிப்பிலும், கல்லறைக் கல்லிலும், வங்கிக் கடிதத்திலும் போட்டவர்கள் மனிதர்கள்தாம். பழி மட்டும் எழுத்தின் மேல் விழுந்தது. அதைத் தடை செய்ய வேண்டுமென்று அமெரிக்காவில் ஒரு இயக்கமே நடந்தது என்றால் பாருங்கள்!

2012ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள், ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் ஹிக்ஸ் போசான் போன்ற ஒரு துகளைக் கண்டறிந்த செய்தி உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அறிவித்தவர்களுள் ஒருவர் ஃபேபியோலா ஜனோட்டி என்ற பெண் விஞ்ஞானி. அவர் காட்டிய படங்களில் இருந்தது காமிக் சான்ஸ். பல ஆண்டு உழைப்பின் முடிவை அவர் சொல்லிக்கொண்டிருக்க, எத்தனையோ பேர் எழுத்தைப் பற்றிக் கேலி பேசிக்கொண்டிருந்தார்கள். கேலி செய்தவர்கள் சிறுபிள்ளைத்தனமாக நடந்தார்கள் என்பதே என் எண்ணம். ஆயினும் எழுத்தின் ஆடை எவ்வளவு உரக்கப் பேசும் என்பதை இதைவிட நன்றாகக் காட்ட முடியாது. (பின்னர் 2016இல் அவரே செர்னின் தலைமை இயக்குநர் ஆனார். அப்பதவியை ஏற்ற முதல் பெண் அவர்தான். கேலி அவரை ஒன்றும் செய்துவிடவில்லை!)

காமிக் சான்ஸுக்கு ஆதரவாகவும் ஒரு வலுவான சாட்சி உண்டு. படிப்பதில் இடர்ப்படும் பிள்ளைகளுக்காகப் பாடுபடும் பிரிட்டிஷ் டிஸ்லெக்சியா சங்கம், படிக்க எளிதான எழுத்துகளின் வரிசையில் அதையும் சேர்த்திருக்கிறது. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியே, நெருக்கமில்லாமல் நிற்கிறது. 'ஏ' என்னும் சிறிய ஆங்கில எழுத்து நாம் நோட்டில் எழுதுவதுபோலவே வட்டமும் கோடுமாக இருக்கிறது. ஆகவே 'விளையாட்டு எழுத்து' என்று நாம் ஒதுக்குவதே ஒரு குழந்தைக்கு ஊன்றுகோலாகவும் இருக்கக்கூடும்.

சரி, நம் தமிழுக்கு வருவோம். காமிக் சான்ஸில் தமிழ் எழுத்து இல்லை. அதனால் நாம் ஏழைகளா? இல்லவே இல்லை! கணினி வருவதற்கு நெடுங்காலம் முன்பே தமிழ்நாடு துள்ளும் எழுத்தின் நாடு. பத்திரிகைகளில் கதைத் தலைப்பைச் சித்திரக்காரரே தூரிகையால் எழுதினார். பேய்க்கதை என்றால் எழுத்து நடுங்கும். நகைச்சுவை என்றால் குட்டிக்கரணம் போடும். திரைப்படச் சுவரொட்டிகளைச் சொல்லவே வேண்டாம். நம் சங்கரன்கோவிலிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பழைய கடைப் பலகைகளைப் பாருங்கள். 'ஆர்ட்ஸ்' என்று முடியும் பெயருடைய ஒருவர் மூலையில் சிறிதாகக் கையொப்பம் இட்டிருப்பார். நூல் பிடித்துக் கோடு அடித்து, எனாமல் பெயிண்டில் எழுதி, வலப்பக்கம் நிழல் கொடுத்து, அந்த நிழலுக்கும் ஒரு வெள்ளைக் கோடு இழுத்திருப்பார். சைக்கிள் கடை எழுத்து சக்கரம்போல் உருளும்; குளிர்பானக் கடை எழுத்தின் தலையில் பனி வழியும். இவற்றை எந்தக் கல்லூரியில் கற்றார்கள்? குருவின் பக்கத்தில் டப்பாவைப் பிடித்து நின்றே கற்றார்கள்.

பிளக்ஸ் பலகை வந்த பிறகு அந்தத் தொழில் சுருங்கிப்போயிற்று. ஒரு மணி நேரத்தில் அச்சாகி வரும் பலகையோடு தூரிகை எப்படிப் போட்டி போடும்? பலர் வீட்டுக்கு வெள்ளையடிக்கும் வேலைக்கும் பெயிண்ட் அடிக்கும் வேலைக்கும் போய்விட்டார்கள். தேர்தல் வந்தால் மட்டும் சுவர் அவர்களை மீண்டும் கூப்பிடுகிறது. இதில் எனக்கு ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. டில்லியில் ஹனிஃப் குரேஷி என்ற கலைஞர் இந்தியாவின் தெருப் பலகை ஓவியர்களைத் தேடிச் சென்று, அவர்களை அகரவரிசை முழுவதையும் எழுதச் செய்து, அதைக் கணினி எழுத்துருவாக மாற்றும் பணியைத் தொடங்கினார். எழுத்துருவுக்கு ஓவியரின் பெயரையே சூட்டினார். 'பெயிண்டர் கஃபீல்' என்பது அவற்றுள் ஒன்று. குரேஷி 2024இல் காலமானார். அவர் தொட்ட வேலையைத் தமிழ் எழுத்துக்கு நம் பக்கத்து ஓவியர்களைக் கொண்டு செய்ய வேண்டும் என்பது என் ஆசை. அவர்கள் கை தளர்வதற்குள் செய்ய வேண்டும்.

கணினியில் தமிழ்த் துள்ளல் எழுத்து அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் என்பவர் 'கவிவாணர்' என்ற எழுத்துருவைச் செய்திருக்கிறார். சாய்ந்த கையெழுத்துப் பாணி அது. அண்ணன் கல்லூரியிலிருந்து எழுதும் கடிதம்போல் இருக்கும் (இக்காலத்து அண்ணன்மார் கடிதம் எழுதுவதில்லை என்பது வேறு கதை). மும்பையிலுள்ள 'எக் டைப்' என்ற குழுவினர் 'பாலூ' என்றொரு பருத்த, உருண்டையான எழுத்தை இந்திய மொழிகள் பலவற்றுக்கும் செய்தார்கள். பாலூ என்றால் கரடி. ஒவ்வொரு மொழியிலும் அதற்கு ஒரு உறவுப் பெயர்: தமிழில் 'பாலூ தம்பி', மலையாளத்தில் 'சேட்டன்', தெலுங்கில் 'தம்முடு', குஜராத்தியில் 'பாய்', பஞ்சாபியில் 'பாஜி'. இத்தனை மொழியிலும் ஒரு தங்கை, ஒரு அக்காள்கூடக் கிடையாது! பெண்கள் பள்ளியில் படிப்பவள் என்ற முறையில் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இவ்விரண்டையும் யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

இனி என் வழக்கின் முக்கியமான பகுதிக்கு வருகிறேன்.

என் ஆச்சி பள்ளிக்கூடம் போனதில்லை. 1990களில் அறிவொளி இயக்கம் நம் பகுதியில் நடந்தபோது, இரவு வகுப்பில் எழுத்துக் கற்றவர். தறி வேலை முடித்து, விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து 'பட்டா', 'படி' என்று படித்ததைப் பெருமையாகச் சொல்வார். இன்றும் அவர் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டித்தான் படிப்பார். ஆனால் தாமே படிப்பார். பேருந்தின் முகப்பில் 'கழுகுமலை'யா 'கரிவலம்வந்தநல்லூரா' என்று பிறரைக் கேட்கமாட்டார். கேட்பது அவருக்குக் கௌரவக் குறைவு.

சென்ற ஆண்டு ஒரு மருத்துவ முகாமில் சர்க்கரை நோய்க்கு மாத்திரை கொடுத்து, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று அச்சிட்ட தாளும் தந்தார்கள். நல்ல எண்ணத்தோடு, பார்க்க அழகாக, கொடிபோல் சுருண்ட எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். எல்லா எழுத்திலும் சுருள். 'ப'வுக்கும் 'ம'வுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு சிறு சுழி மட்டுமே என்பதை நாம் நினைப்பதில்லை. எல்லாவற்றுக்கும் சுழி போட்டுவிட்டால் எது ப, எது ம? 'உணவுக்கு முன்' என்பதும் 'உணவுக்குப் பின்' என்பதும் அந்தத் தாளில் இரட்டைப் பிள்ளைகளாக நின்றன. புள்ளிகளோ பூவின் மகரந்தம்போல் எழுத்தோடு ஒட்டிக் கிடந்தன. ஆச்சி அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, மாத்திரை போடாமல், நான் மாலை பள்ளியிலிருந்து வரும்வரை காத்திருந்தார். "ஏட்டி, இது முன்னா பின்னான்னு பாத்துச் சொல்லு. எனக்குக் கண்ணு மங்கிப்போச்சு போல" என்றார். கண்ணில் குறை ஒன்றுமில்லை. அதே கண்ணால் அன்று காலை நாட்காட்டியில் பஞ்சமி திதியைப் படித்தவர் அவர். குறை எழுத்தில் இருந்தது. அதைத் தம் மேல் போட்டுக்கொண்டார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

நம் எழுத்தின் அமைப்பே இதற்குக் காரணம். ஆங்கிலத்தில் ஒரு எழுத்து கோணினாலும் சொல்லை ஊகித்துவிடலாம். தமிழில் ஒரு புள்ளியும் ஒரு சுழியும் பொருளையே மாற்றிவிடும். ஓலையில் எழுதிய காலத்தில் ஓலை கிழியும் என்று புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். படிப்பவர் தாமே புள்ளியைச் சேர்த்துப் படித்தார். எகர ஒகரக் குறிலும் நெடிலும் ஏட்டில் ஒன்றுபோலவே கிடந்தன. நம் பக்கத்துக் காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய வீரமாமுனிவர், நெடிலுக்குத் தனி அடையாளம் கொடுத்து, 'கெ'யையும் 'கே'யையும் பிரித்துக் காட்டினார். ஒரு சுழிக்காக ஒரு பெரும்புலவர் ஏன் இவ்வளவு மெனக்கெட்டார்? அகராதி எழுதியவருக்கு, இலக்கணம் எழுதியவருக்கு, புதிதாகப் படிப்பவரின் கஷ்டம் தெரிந்திருந்தது. அவருக்கும் முன்னே, 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்ற 16 பக்க நூலுக்கு அண்டிரிக் அடிகளார் உழைத்ததும், பரதவ மக்கள் தாமே வாசித்து மன்றாட வேண்டும் என்பதற்காகத்தான். 1978இல் தமிழக அரசு, பெரியார் பல்லாண்டு கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று, ணை, லை, றா, னொ முதலான 13 எழுத்துகளின் உருவை மாற்றியதும் கற்பதை எளிதாக்குவதற்கே. இப்படி நானூறு ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த தெளிவை ஒரு டி.டி.பி. கடையின் கணினியில் ஒரே சொடுக்கில் தொலைத்துவிடுவது நியாயமா?

"அப்படியானால் துள்ளும் எழுத்தே வேண்டாம், எல்லாவற்றையும் பாடப்புத்தக எழுத்தில் போட்டுவிடலாம்" என்று சிலர் சொல்லக்கூடும். எங்கள் வகுப்பில் இதைப் பற்றி விவாதம் நடந்தபோது ஒரு தோழி அப்படித்தான் சொன்னாள். எனக்கு அதிலும் உடன்பாடில்லை. முதல் வகுப்புச் சுவரில் 'அம்மா, ஆடு' என்பதை விறைப்பான எழுத்தில் எழுதினால் குழந்தை பயந்துபோகும். விளையாட்டு விழாவின் தோரணத்தில் எழுத்தும் கொஞ்சம் ஓடத்தான் வேண்டும். கிறிஸ்துமஸ் குடிலின் மேல் 'மகிழ்ச்சி' என்ற சொல் மகிழ்ச்சியாக இருக்கட்டும். கேக் விற்பனை மேசையில், அறிவியல் கண்காட்சியில், இந்த மலரின் கதைப் பக்கங்களில் எல்லாம் கையால் வரைந்த எழுத்து வந்தால், 'இதை எழுதியது ஒரு மனுஷி' என்று படிப்பவருக்குத் தெரியும். அந்த நெருக்கத்தை எந்த அச்செழுத்தும் தருவதில்லை. ஆனால் 'கண்ணீர் அஞ்சலி' சுவரொட்டியில் எழுத்து குதித்தால், இறந்தவர் வீட்டார் மனம் என்ன பாடுபடும்? மருந்துச் சீட்டில், பேருந்துப் பலகையில், மின்கம்பத்து எச்சரிக்கையில், கட்டண அறிவிப்பில் எழுத்துக்குத் துள்ள உரிமை இல்லை. அங்கே அது கைகட்டி நின்று செய்தியைச் சொல்ல வேண்டும்.

ஆடித் தபசு நாள்களில் நம் ஊருக்கு எத்தனை கிராமங்களிலிருந்து மக்கள் வருகிறார்கள்! தற்காலிகப் பேருந்து நிறுத்தம் எங்கே, குடிநீர் எங்கே, கழிப்பிடம் எங்கே என்று ஆங்காங்கே பலகை வைப்பார்கள். அந்தப் பலகையை எழுதுகிறவர் ஒருமுறை என் ஆச்சியை நினைத்துக்கொள்ள வேண்டும். வாழ்த்துப் பலகைகளில் எப்படி வேண்டுமானாலும் கொடி ஓட்டட்டும். அவற்றை யாரும் படிப்பதில்லை, படம் மட்டும்தான் பார்க்கிறார்கள்.

நம் பள்ளிக்கும் ஒரு வேண்டுகோள். மதிப்பிற்குரிய தலைமைச் சகோதரி அவர்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். பெற்றோருக்கு அனுப்பும் சுற்றறிக்கைகளில் அண்மையில் ஓரத்தில் பூக்களும், நடுவில் வளைந்த எழுத்தும் வருகின்றன. அழகுதான். ஆனால் நம் மாணவியர் பலரின் தாய்மார் எட்டாம் வகுப்போடு நின்றவர்கள். தறிச் சத்தத்துக்கு நடுவே, கை ஓயாத வேளையில் அதைப் பார்க்கிறார்கள். தேதியும் தொகையும் கொண்டுவர வேண்டியவையும் பெரிய, நேரான, இடைவெளி விட்ட எழுத்தில் இருந்தால், மகளைக் கூப்பிட்டுக் கேட்கும் நிலை வராது. மகள் சொல்வதை மட்டுமே நம்பியிருக்கும் நிலையும் வராது. (இதனால் எங்களுள் சிலருக்கு நஷ்டம் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை!) அதற்கு ஈடாக, அடுத்த ஆண்டு மலரின் தலைப்புகளை எல்லாம் கணினியில் எடுக்காமல், மாணவியரே கையால் வரைய அனுமதி தர வேண்டும்.

நானும் மூன்று தோழியரும் இதற்கு முன்னோட்டமாக ஒரு வேலை தொடங்கியிருக்கிறோம். தமிழுக்கு ஒரு துள்ளல் எழுத்தைக் கட்டக் கோட்ட நோட்டில் வரைந்து பார்க்கிறோம். 247 எழுத்து என்றதும் மலைத்துவிடாதீர்கள். கால், கொம்பு, இரட்டைச் சுழி ஆகியவற்றைத் தனியே வரைந்துவிட்டால் மீதியை ஒட்டிக்கொள்ளலாம். உயிரும் ஆய்தமும் 13. அகர மெய் 18. புள்ளி மெய் 18. இகர ஈகாரத்துக்கு 36. உகர ஊகாரத்துக்கு 36. கால் கொம்புகளையும் சேர்த்தால் ஏறக்குறைய 125 உருவங்கள். வடஎழுத்துகள் தனி. ஆங்கிலத்துக்குப் பெரியதும் சிறியதுமாக 52 போதும் என்பதை நினைத்தால், தமிழில் இத்தகைய எழுத்துரு ஏன் குறைவாக இருக்கிறது என்பது விளங்கும். கு, சு, டு, து, று என்று உகரம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் வாலை நீட்டுகிறது. அங்கேதான் விளையாடவும் இடம் இருக்கிறது, சறுக்கவும் இடம் இருக்கிறது. எங்களுக்கு நாங்களே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு, புள்ளி எழுத்தைத் தொடக் கூடாது, சுழி தெளிவாகத் திறந்திருக்க வேண்டும் என்பது. வரைந்த எழுத்தை முதலில் ஆச்சியிடம் காட்டுகிறோம். அவர் தடுமாறினால் மறுபடி வரைகிறோம். 'ழு' இதுவரை மூன்று முறை திரும்பி வந்துவிட்டது.

இன்றைய கணக்கில் 41 எழுத்துகள் முடிந்துள்ளன. 'ஙு', 'ஙூ' இரண்டையும் வரைவதா, விட்டுவிடுவதா என்பதில்தான் எங்களுக்குள் சண்டை. அந்த எழுத்துகள் வரும் சொல் ஒன்றைத் தெரிந்தவர்கள் பத்தாம் வகுப்பு அறைக்கு வந்து சொன்னால் உதவியாக இருக்கும்.